பின்விளக்கு எரியவில்லையா? பல்பு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமிக்கு முந்தைய இரவு, குடும்பத்தோடு வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கண்ணமங்கலம் தாண்டித் தேநீருக்காக ஓரங்கட்டியபோது, பின்னாலேயே வந்து நின்ற லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்தார். நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடது பக்கச் சிவப்பு விளக்கு அணைந்துபோய், மேலே உள்ள மஞ்சள் விளக்கு மங்கலாக எரிகிறது என்றார். நிற்கப் போகிறேனா, திரும்பப் போகிறேனா என்று அவருக்குப் புரியவே இல்லையாம். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்குக் கூச்சம் கூடியது.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். பல்பு மாற்றினார்கள். இரண்டு நாள் ஒழுங்காக எரிந்தது; மூன்றாம் நாள் பழைய கதைதான். மறுபடி போனபோது விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். காட்பாடியில் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி நானே கழற்றிப் பார்த்தேன். பல்பில் குறையில்லை, கூட்டிலும் குறையில்லை. துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட்தான் காரணம். ஒரு துண்டு உப்புத்தாளும் அரை மணி நேரமும் செலவாயின.

அதன் பிறகு உறவினர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஏழெட்டு வண்டிகளின் பின்விளக்கைப் பார்த்துவிட்டேன். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த எவரும் இந்த வேலையைச் செய்யலாம். இதுவரை ஸ்பேனரே தொடாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கழற்றாதீர்கள், முதலில் பாருங்கள்

பின்பக்கம் இருப்பது ஒரு விளக்கு அல்ல. இரவில் எப்போதும் எரியும் சிவப்பு டெயில் விளக்கு, மிதித்தால் எரியும் பிரேக் விளக்கு, மஞ்சள் இண்டிகேட்டர், வெள்ளை ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட்டுக்கு மேல் சிறு வெள்ளை விளக்கு, பின்கண்ணாடியின் உச்சியில் மூன்றாவது பிரேக் விளக்கு. பல்பு போட்ட பெரும்பாலான வண்டிகளில் டெயிலும் பிரேக்கும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளாக இருக்கும். டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். கடையில் டபுள் காண்டாக்ட் பல்பு என்று கேட்டால் தருவார்கள்.

இருட்டிய பிறகு வண்டியை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிடுங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால் ஒட்டடைக் கம்பை அளவாக வெட்டி, இருக்கைக்கும் பிரேக் மிதிக்கும் இடையில் முட்டுக் கொடுக்கலாம். பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொள்பவர்கள் அவர்களை வண்டிக்கு நேர்பின்னால் நிறுத்தாதீர்கள்; பக்கவாட்டில் நிற்கட்டும்.

ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். பிறகு இரண்டு இரண்டாகச் சேர்த்துப் போடுங்கள்: டெயிலும் பிரேக்கும், பிரேக்கும் இண்டிகேட்டரும். எது எரிகிறது, எது மங்குகிறது, எது சம்பந்தமே இல்லாமல் எரிகிறது என்று தாளில் எழுதுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பட்டறைகளில் யாரும் செலவழிப்பதில்லை. பாதி விடை இந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒரு பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாமல், மற்றவை எல்லாம் பளிச்சென்று இருந்தால் பல்பைச் சந்தேகிக்கலாம். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகமாக டிக் டிக்கென்று அடித்தால் அந்தப் பக்கத்தில் முன்னோ பின்னோ ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள்.

இரண்டு பக்கப் பிரேக் விளக்கும், உச்சியில் உள்ள மூன்றாவதும் சேர்ந்து எரியாவிட்டால் பல்பு வாங்க ஓடாதீர்கள். மூன்றும் ஒரே நாளில் போகாது. ஃபியூஸ் அல்லது பிரேக் மிதிக்கு மேலே உள்ள சுவிட்ச்தான் காரணமாக இருக்கும். மூன்றாவது விளக்கு மட்டும் எரிந்தால் சுவிட்ச் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு அதற்குப் பிந்தைய ஒயரிலோ பல்புகளிலோ இருக்கும்.

ஒரு பக்க டெயில் விளக்கோடு நம்பர் பிளேட் விளக்கும் அணைந்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு.

பிரேக்கை மிதித்தால் உள்ளே மீட்டர் பலகையின் விளக்குகள் எரிகின்றனவா? இது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் எளிது. பல்புக்குள் ஓர் இழை அறுந்து மற்றதன் மேல் விழுந்து கிடக்கிறது, அல்லது யாரோ இரண்டு காண்டாக்ட் ஹோல்டரில் ஒற்றைக் காண்டாக்ட் பல்பைத் திணித்திருக்கிறார்கள். பிரேக் மின்சாரம் டெயில் ஒயர் வழியாகத் திரும்பி முன்பக்கம் வரை போய்விடுகிறது.

ஒரு பக்க விளக்குகள் எல்லாம் மங்கலாகவோ, ஒன்றைப் போட்டால் இன்னொன்று அணைந்தோ, லாரிக்காரர் சொன்னதுபோல இடம் மாறி எரிந்தோ குழப்பினால், அது எர்த் கோளாறு. இதை நூற்றுக்குத் தொண்ணூறு தரம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எர்த் என்றால் என்ன?

கிரிவலம் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால்தான் சுற்று முடியும். பேட்டரியின் பிளஸ் முனையில் கிளம்பும் மின்சாரமும் மைனஸ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். வண்டியில் திரும்பும் வழிக்குத் தனி ஒயர் இழுப்பதில்லை. வண்டியின் இரும்பு உடம்பே வழி. விளக்குக் கூட்டிலிருந்து ஒரு கறுப்பு அல்லது பழுப்பு ஒயர் வந்து, பக்கத்தில் எங்காவது உடம்பின் மேல் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். அதுதான் எர்த்.

அந்த போல்ட் துருப்பிடித்தால் வழி அடைபடுகிறது. பௌர்ணமி இரவில் ஒரு தெருவை அடைத்தால் கூட்டம் திரும்பிப் போய்விடுமா? சந்துபொந்துகளில் புகுந்து எப்படியும் போய்ச் சேரும். பிரேக் இழை வழியாக வந்த மின்சாரமும் அப்படித்தான், இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, முன்பக்க இண்டிகேட்டர் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. மூன்று பல்புகளும் 12 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் ஒழுங்காக எரிவதில்லை. என் வண்டியில் நடந்தது இதுவே. புதுப் பல்பு போட்டபோது இரண்டு நாள் எரிந்ததற்குக் காரணம் பல்பு அல்ல, கழற்றி மாட்டும்போது ஒயர் சற்று அசைந்து தற்காலிகமாக ஒட்டியதுதான்.

வேண்டிய கருவிகள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 8, 10 அளவு பாக்ஸ் ஸ்பேனர், நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் கிளிப்பை நெம்ப ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு, நைசான உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, வாசலின் டப்பா. ஒயர் ஒட்ட வேண்டி வந்தால் மட்டும் சால்டரிங் அயர்னும் சூடு காட்டினால் சுருங்கும் குழாயும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை நெம்பினால் பெயிண்ட் போகும். நான் இரண்டு இடத்தில் போக்கியிருக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த வேலை வேண்டாம். பள்ளிகொண்டா பக்கம் தேசிய நெடுஞ்சாலை 48-இல் வண்டிகள் வரும் வேகத்துக்கு, எரியாத பின்விளக்குக்கு முன்னால் குனிந்து நிற்பது தற்கொலைக்குச் சமம். எச்சரிக்கை விளக்குகள் எரிந்தால் போட்டுக்கொண்டு, வெளிச்சமான இடம் வரை மெதுவாகப் போய்ச் சேருங்கள்.

ஃபியூஸ்

கையேட்டின் படத்தைப் பார்த்து உரிய ஃபியூஸை இழுத்துப் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்புக்குப் பதில் மஞ்சளைப் போடுகிற கைவைத்தியம் வேண்டாம். ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் உருகும். புதிய ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உடம்பைத் தொடுகிறது. அப்போது நான் முதலில் கழற்றிப் பார்ப்பது நம்பர் பிளேட் விளக்கின் ஹோல்டரை. மழைத்தண்ணீர் நேராக வடிகிற இடம் அது.

கூட்டைக் கழற்றுதல்

டிக்கிக் கதவைத் திறந்தால், விளக்குக் கூட்டின் உள் ஓரத்தில் இரண்டு திருகுகளோ போல்ட்டுகளோ தெரியும். சில வண்டிகளில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றிய பிறகும் கூடு வராது. வெளி ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள் துளைக்குள் மாட்டியிருக்கும். கூட்டை நேராகப் பின்பக்கம் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் குமிழ் முறியும். முறிந்த குமிழுக்கு வைத்தியம் கிடையாது. ஒரு கையால் உள்ளிருந்து தள்ளி, மறு கையால் வெளியே பிடித்து இழுங்கள். டப்பென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், விடுபட்டிருக்கிறது.

பின்னால் ஒயர் செருகிய கப்ளர் இருக்கும். நாக்கை அழுத்திப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பல்பு ஹோல்டரை இடஞ்சுழியாகச் சற்றே திருப்பினால் வெளியே வரும். பல்பை அமுக்கித் திருப்பினால் அதுவும் வரும்.

பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் ஆயுள் முடிந்தது. லேசாகத் தட்டிப் பாருங்கள், அறுந்த இழை ஆடும். இரட்டை இழைப் பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பாக நுழையாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நுழையவில்லையென்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். ஹோல்டரின் தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரே அடித்துத் துடையுங்கள். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். யாரோ முன்பு 21 வாட்டுக்கு மேல் பல்பு போட்டிருக்கலாம், அல்லது தொடுமுனை தளர்ந்து சூடேறியிருக்கலாம்.

மீட்டரை எடுங்கள்

கப்ளரை மறுபடி மாட்டிவிட்டு, பல்பு இல்லாத ஹோல்டரில் சோதியுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை உடம்பில் பெயிண்ட் இல்லாத போல்ட் ஒன்றில் பிடித்து, சிவப்பு முனையை டெயில் தொடுமுனையில் வையுங்கள். விளக்கைப் போட்டால் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பிரேக் தொடுமுனையிலும் அப்படியே, மிதிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பாருங்கள். 12 வருகிறது என்றால் முன்பக்கத்திலிருந்து இங்கே வரை வழி சரி.

புதியவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். வரும் வழி சரி, திரும்பும் வழி? பல்பை மாட்டி, விளக்குகளைப் போட்ட நிலையில், சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் கறுப்பு முனையை அதே சுத்தமான போல்ட்டிலும் வையுங்கள். பூஜ்ஜியத்துக்கு மிகப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் அடைப்பு இருக்கிறது. என் வண்டியில் 8 வோல்ட் காட்டியது. விளக்குக்குச் சேர வேண்டியதில் பெரும்பங்கு அந்தத் துருவில் மாட்டிக்கொண்டிருந்தது.

விளக்குப் போடாமல் ஓம் அளவில் மட்டும் சோதித்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிரேக் பல்பு ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கிறது. ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட மீட்டரின் சின்ன மின்சாரத்துக்கு நல்ல பிள்ளையாகத் தெரியும். பல்பின் சுமை வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

எர்த் ஒயரைத் தொடர்ந்து போனால் பெரும்பாலும் டிக்கியின் பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால் போல்ட் அகப்படும். கழற்றுங்கள். ஒயரின் வளையத்தையும் உடம்பின் பரப்பையும் போல்ட்டின் மரையையும் உலோகம் மின்னும் வரை தேயுங்கள். இறுக முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், ஈரம் அண்டாது. தேய்க்கும் முன்பே தடவிவிட்டுத் துருவையும் சேர்த்து மூடிவிட்ட ஒரு மகானுபாவரின் வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது.

ரப்பர் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் கோளாறு

பெரிய வண்டிகளில் விளக்கின் ஒரு பாதி உடம்பிலும் மறு பாதி டிக்கிக் கதவிலும் இருக்கும். கதவு விளக்குகள் மட்டும் எரியாவிட்டால், அல்லது கதவைத் தூக்கினால் எரிந்து சாத்தினால் அணைந்தால், கீல் பக்கத்தில் உள்ள சுருக்கம் விழுந்த ரப்பர் குழாயைப் பாருங்கள். எல்லா ஒயர்களும் அதற்குள்தான் போகின்றன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை மடங்குகின்றன. சில வருடங்களில் மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்துவிடும். குழாயை ஓரத்தில் நெம்பிக் கழற்றி, ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீள்கிற ஒயர் உள்ளே அறுந்தது.

அறுந்த இரண்டு முனைகளையும் நேராக முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அறும். மடங்கும் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்து, 0.75 சதுர மில்லிமீட்டர் நெகிழ்வான ஒயரை நடுவில் சேர்த்து, மடங்காத இடத்தில் இணைப்பு வரும்படி ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போடுங்கள். பல ஒயர்கள் என்றால் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் ஏற்றி இறக்கி வையுங்கள். தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

ரிவர்ஸ் கேமரா, பாட்டுப் பாடும் ரிவர்ஸ் ஹாரன் இவற்றைப் பொருத்தியவர்கள் ரிவர்ஸ் விளக்கின் ஒயரைக் கீறி, முறுக்கி, டேப் ஒட்டியிருப்பார்கள். எங்கள் ஊர் கத்திரி வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, ஒரு கோடைக்குள் பிரிந்துவிடும். எலிகளையும் மறக்க வேண்டாம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அவற்றுக்கு ஒயர்தான் பலகாரம்.

கூட்டுக்குள் தண்ணீர்

வேலூருக்கு ‘நீரில்லா ஆறு’ என்று ஒரு பேர் உண்டு. பாலாற்றில் காணாத நீரை என் மைத்துனரின் வண்டி விளக்குக்குள் கண்டேன். மழைக்காலத்துக் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்து, வெயில் ஏறியதும் மறைந்தால் கவலையில்லை. தண்ணீர் தேங்கி ஆடினால் பின்பக்கத்து ஃபோம் அட்டையோ ஹோல்டரின் ரப்பர் வளையமோ நைந்திருக்கும், அல்லது கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருக்கும். கழற்றி, வடித்து, ஒரு பகல் உலர வைத்து, அட்டையை மாற்றுங்கள். சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைக்கும்போது அடியில் இருக்கும் காற்றுத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். பிறகு உள்ளே போன ஈரம் வெளியே வராது.

அணையவே மறுக்கும் பிரேக் விளக்கு

இது எதிர்மாறான தொல்லை. மிதியை விட்ட பிறகும், சாவியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். மிதியின் தண்டில், சுவிட்சின் பொத்தானை அழுத்த ஒரு சிறு பிளாஸ்டிக் பொட்டு இருக்கும். பழகிப்போய் அது நொறுங்கினால் பொத்தான் அந்தத் துளைக்குள் நுழைந்துவிடும். மிதிக்குக் கீழே தரைவிரிப்பில் பிளாஸ்டிக் துகள்கள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு பல்புகள் மட்டும் 3.5 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர் மணி. காலையில் வண்டி கிளம்பாததற்கு அது போதும். பொட்டை மாற்றுவது மலிவான வேலை, குனிந்து கிடப்பதுதான் கஷ்டம். அங்கே மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கப்ளரோ கண்டால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது.

எல்இடி விளக்குகள்

பல்பே இல்லாத முத்திரையிட்ட எல்இடி கூடு என்றால் கப்ளரில் 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் வந்தும் எரியாவிட்டால் உள்ளிருக்கும் பலகை போயிற்று. அப்போது கூட்டை மாற்றச் சொல்வதில் நியாயம் உண்டு. புதிய வண்டிகளில் விளக்குகளைக் கணினியே இயக்குகிறது. மிகை மின்சாரம் கண்டால் அது வழியை மூடிவிடும். அங்கே ஸ்கேனர் உள்ளவரிடம் போவதே மரியாதை. பல்பு வண்டியில் எல்இடி பல்பு மாற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை. இண்டிகேட்டர் வேகமாக அடிக்கத் தொடங்கும், பல்புக்கென்று வடித்த கூட்டுக்குள் வெளிச்சமும் ஒழுங்காகப் பரவாது.

எல்லாம் முடிந்ததும் கூட்டை மாட்டும் முன்பே ஒருமுறை எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். மாட்டிய பிறகு மறுபடி அதே வெள்ளைச் சுவர், அதே ஒட்டடைக் கம்பு, அதே தாள். நம்பர் பிளேட் விளக்கை விட்டுவிடாதீர்கள், அது இரவில் எரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவர்கள் மூன்றாவது பிரேக் விளக்கையும் துடைத்து வையுங்கள். வளைவில் பின்னால் வருபவருக்கு முதலில் தெரிவது அதுதான்.

என் வண்டியின் முன் அறையில் இப்போது ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கிறது. உள்ளே பஞ்சில் சுற்றிய டபுள் காண்டாக்ட் பல்பு இரண்டு, மஞ்சள் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டு, கைவிரல் அளவுக்கு மடித்த உப்புத்தாள். பல்புகளை இன்னும் தொடவில்லை. உப்புத்தாளைத்தான் இரண்டு முறை மாற்றி வைத்திருக்கிறேன்.